கயிறு பிடிக்க ஆள் இருக்கா?

(தூத்துக்குடியில் நமது மாணவரணி கூட்டிய மாணவர் – பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத நண்பர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம்.)

பெரியோர்களே, தாய்மார்களே, விடுமுறை நாளிலும் வந்திருக்கிற ஆசிரியப் பெருமக்களே, முன் வரிசையில் உட்கார்ந்து எப்போ முடிப்பாருன்னு பார்த்துக்கிட்டு இருக்கிற மாணவச் செல்வங்களே!

இன்னிக்கு நான் யாரையும் தாக்கிப் பேசப்போறது இல்லை. அதைக் கேட்க வந்தவங்க இருந்தா மன்னிச்சுக்கோங்க, அடுத்த கூட்டத்துல வட்டியோட சேர்த்துப் பேசிடறேன். இன்னிக்கு இந்தப் பிள்ளைகளைப் பத்தி மட்டும்தான் பேச்சு.

நம்ம கடல்ல முத்துக்குளிச்ச கதை உங்க எல்லாருக்கும் தெரியும். காலில் கல்லை மாட்டிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முத்துப்பார் வரைக்கும் இறங்கணும். கைக்குச் சிக்கின சிப்பியைப் பையில அள்ளிப் போட்டுட்டு கயிற்றை ஒரு இழு இழுக்கணும். மேல படகுல இருக்கிறவன் அந்த இழுப்பை உணர்ந்து உடனே தூக்கணும். கொஞ்சம் அசந்தான்னா கீழ இருக்கிறவன் கதை முடிஞ்சது. அதனாலதான் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவாங்கன்னு நம்ம பக்கம் பெரியவங்க சொல்வாங்க. தன் தங்கச்சி தாலி அந்தக் கயித்துலதான் தொங்குதுன்னு மச்சானுக்குத்தானே தெரியும்!

இந்தக் கதையை நான் மூழ்கினவனுக்காகச் சொல்லலை, மேல நின்னவனுக்காகச் சொல்றேன். அது ஏன்னு கடைசியில வர்றேன்.

அரசாங்கம் நம்ம கடல்ல முறைப்படி முத்துக்குளிப்பு நடத்தினது 1961-ல்தான் கடைசி. அதுக்கப்புறம் பார்கள்ல சிப்பி குறைஞ்சு போச்சு. முத்து நகரம்னு பேர் மட்டும் மிஞ்சிச்சு, ரயிலுக்குப் பேர் வெச்சோம். இதோட கதை முடிஞ்சதுன்னுதான் நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். முடியலை. 1973 ஜூலையில, இங்கிருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற வேப்பலோடையில, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானி டாக்டர் கே. அழகர்சுவாமியும் அவரோட குழுவும் இந்தியாவுலயே முதல் தடவையா உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினாங்க. அதுவரைக்கும் அந்தத் தொழில்நுட்பத்தை ஜப்பான்காரங்க வெளியே விடாம காத்து வெச்சிருந்தாங்க.

அது என்ன வித்தைன்னு கேட்டா ரொம்ப அழகானது. ஒரு சிப்பியோட மேலுறைத் திசுவுல நகக்கண் அளவு வெட்டி எடுக்கணும். சிப்பி ஓட்டுல செஞ்ச சின்ன மணி ஒண்ணையும் அந்தத் திசுத்துண்டையும் இன்னொரு சிப்பியோட உடம்புக்குள்ள சேர்த்து வைக்கணும். அந்தத் திசு வளர்ந்து மணியைச் சுத்திப் பை மாதிரி மூடிக்கும். மூடிக்கிட்டு முத்துப்பூச்சை அடுக்கடுக்கா பூசிக்கிட்டே இருக்கும். மாசக்கணக்குல காத்திருந்தா முத்து ரெடி. கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா சிப்பி செத்துப்போகும், இல்லைன்னா மணியைத் துப்பிடும். எத்தனை சிப்பி செத்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க! அதோட விடலை. 1981-ல் அந்தச் சிப்பிகளையே இங்க பொரிப்பகத்துல இனப்பெருக்கம் செய்ய வெச்சாங்க.

தம்பி, தங்கச்சிகளா, உங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம். (மூன்று பேர்.) பரவாயில்லை. எனக்கே நாற்பது வயசுக்கு மேலதான் தெரிஞ்சது. கப்பல் ஓட்டின வ.உ.சி.யைப் பத்தி எல்லா மேடையிலும் பேசறோம், பேசணும். ஆனா அவர் 1906-ல் சுதேசிக் கம்பெனி தொடங்கினப்போ, கப்பலை வெளிநாட்டுல இருந்துதானே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது? ஓட்டுறதுக்குத் துணிஞ்ச ஊருக்கு, செய்யறதுக்கும் துணிச்சல் வரணுமா வேண்டாமா?

இப்போ என் சொந்தக் கதை ஒண்ணு. சுருக்கமாச் சொல்லிடறேன்.

1984. நான் ஒன்பதாம் வகுப்பு. அப்போ தூத்துக்குடி தனி மாவட்டம் கிடையாது, 1986-ல்தான் பிரிச்சாங்க. எது நடந்தாலும் திருநெல்வேலிக்குத்தான் போகணும். எங்கம்மா உப்பளத்துல வேலை. விடியறதுக்கு முன்னாடி போயிடுவாங்க. அளத்துல சுத்தி எங்கே பார்த்தாலும் தண்ணி, குடிக்க ஒரு சொட்டு கிடையாது. வீட்டிலிருந்து தூக்கிட்டுப் போற தூக்குவாளித் தண்ணிதான், அது பத்து மணிக்கே காலி. அறிவியல் வாத்தியார் ஆவியாதல் பாடம் நடத்தினார். நான் ஒரு பழைய பீங்கான் தட்டை எடுத்து அடியில கரி பூசினேன், அதுல கடல் தண்ணி ஊத்தினேன். உடைஞ்ச ஜன்னல் கண்ணாடியைச் சாய்வா மேல மூடி, கண்ணாடியில வழியிற தண்ணியைப் பிடிக்க மூங்கிலைப் பிளந்து வெச்சேன். நாள் பூரா வெயில்ல வெச்சா அரைச் செம்பு தண்ணி வரும். உப்பு இருக்காது.

வாத்தியார் பார்த்துட்டுத் துள்ளிக் குதிச்சார். மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பலாம்னு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அந்த விண்ணப்பம் அலுவலக மேசை டிராயருக்குள்ள போச்சு. போனதுதான். கடைசித் தேதி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் அது அங்கேயே கிடக்குன்னு தெரிஞ்சது. யார் மேலயும் எனக்கு இப்போ கோபம் இல்லை, பேரும் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். எங்கம்மா சொன்னாங்க: "ஏல, அந்தத் தண்ணிய நான் குடிச்சுப் பாத்துட்டேம்லா. நல்லாத்தான இருந்துச்சு. பொறவு எதுக்கு அழுவுத?"

அன்னிக்கு எனக்கு அது ஆறுதலா இருந்தது. இப்போ நினைச்சாத்தான் நெஞ்சு அடைக்குது. ஏன்னா அதோட நான் அந்தத் தட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சாய்ச்சிருந்தா எவ்வளவு வந்திருக்கும், தண்ணி ஆழத்தைக் குறைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்க ஒரு ஆள் இருந்திருந்தா நான் அடுத்த தட்டு செஞ்சிருப்பேன். போட்டியோட பிரயோசனமே அதுதான். கோப்பை இல்லை. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் உங்க மேசைக்கு முன்னாடி வந்து நின்னு, "எத்தனை தடவை அளந்து பார்த்தே?"ன்னு கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம முழிப்பீங்க பாருங்க, அந்த முழி முழிச்சவன் வீட்டுக்குப் போய் அளக்க ஆரம்பிச்சிடுவான்.

பெற்றோர்கள் சிலர் மனசுல ஓடுறது எனக்குத் தெரியும். "எங்களுக்கு என்னய்யா அறிவியல் தெரியும், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க?" அம்மா, உப்பளத்துல டிகிரி பார்க்கிறது யாரு? நீங்கதானே? கண்ணாடி மானியை உப்புத் தண்ணியில மிதக்க விட்டு டிகிரி பார்க்கிறீங்க. கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரி. அது பாத்தி பாத்தியாக் காய்ஞ்சு ஏறிக்கிட்டே வரும். முதல்ல ஜிப்சம் படியும். இருபத்தஞ்சு டிகிரியை ஒட்டி உப்பு விளையும். முப்பதுக்குப் பக்கத்துல போனா மீதித் தண்ணியை வெளியேத்திடுவீங்க, இல்லைன்னா உப்பு கசந்துடும். இது அடர்த்தி, கரைதிறன், படிகமாதல்னு மூணு பாடம். பிளஸ் டூ புத்தகத்துல இருக்கிறதை நீங்க வெறுங்காலோட நின்னு செய்யறீங்க. சில பாத்தியில தண்ணி ரோஸ் நிறத்துக்கு மாறுதே, ஏன்னு உங்க பிள்ளை கேட்டிருக்கானா? உப்புலயே வாழுற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதுல இருக்கு. இந்த ஒரு கேள்வியை வெச்சே ஒரு வருஷத்துக்கு ஆய்வு பண்ணலாம்.

சரி, எங்கே போய்ச் சேர்றது? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட இன்ஸ்பையர் விருது – மானக் இருக்கு. ஆறாம் வகுப்புல இருந்தே கலந்துக்கலாம். பள்ளிக்கூடம் ஒவ்வொண்ணும் ஐந்து யோசனைகள் வரைக்கும் இணையத்துல அனுப்பலாம். தேர்வானா மாதிரி செய்யறதுக்கு 10,000 ரூபாய் பிள்ளையோட வங்கிக் கணக்குக்கே வருது. அப்புறம் மாவட்டம், மாநிலம், தேசம்னு படி ஏறணும். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கு. 1993-ல் தொடங்கினது. நம்ம மாநிலத்துல தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்குது. 10 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் கலந்துக்கலாம், உங்க ஊர்ப் பிரச்சினை ஒண்ணை எடுத்து நீங்களே போய் விசாரிச்சு, அளந்து, தமிழ்லயே எழுதிக் கொடுக்கலாம். இங்கிலீஷ் தெரியாதேங்கிற பயம் வேண்டாம். அரசுப் பள்ளிகள்ல ஆறு முதல் எட்டு வரைக்கும் வானவில் மன்றம் வந்திருக்கு. அங்கே கையால செஞ்சு பார்த்த பிள்ளைகளுக்குப் போட்டி ஒண்ணும் புதுசாத் தெரியாது.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கரைச் சில பேருக்கு ஞாபகம் இருக்கலாம். தெருவுல துணி தேய்க்கிறவர் எரிஞ்ச கரியைக் கொட்டுறதைப் பார்த்திருக்காங்க. தினமும் நாமளும்தான் பார்க்கிறோம். அந்தப் பிள்ளை அதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் யோசிச்சுது. வண்டிக்கு மேல சோலார் தகடு, அதுல ஓடுற இஸ்திரிப் பெட்டி. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை கலாம் பேர்ல நடத்துற இக்னைட் போட்டியில 2019-ல் பரிசு. 2021-ல் எர்த்ஷாட் பரிசோட இறுதிச் சுற்று வரை போனாங்க, அதே வருஷம் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடையில உலகத் தலைவர்கள் முன்னாடி பேசினாங்க. இதுல முக்கியம் கிளாஸ்கோ இல்லை. இஸ்திரி வண்டி.

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் இன்னொரு உதாரணம். பள்ளி மாணவர்களுக்கான சர்வதேசப் போட்டி ஒண்ணுல அவர் குழு செஞ்ச 64 கிராம் பெட்டி தேர்வாகி, 2017 ஜூன் 22 அன்னிக்கு நாசா ராக்கெட்ல பறந்தது. கலாம்சாட்னு பேர். உலகத்துலயே எடை குறைஞ்ச செயற்கைக்கோள்னு நம்ம ஆட்கள் வாட்ஸ்அப்ல சுத்த விட்டாங்க. உண்மையைச் சொல்லணும்னா அது பூமியைச் சுத்தலை, மேல போய்ட்டுத் திரும்பி வந்தது. முப்பரிமாண அச்சுல செஞ்ச கார்பன் இழைக் கூடு விண்வெளிப் பயணத்தைத் தாங்குமான்னு பார்க்கிற சோதனை. தாங்கிச்சு. அதுவே பெரிய விஷயம்தான், நாம ஏன் கூட்டிச் சொல்லணும்? அறிவியல்ல கூட்டிச் சொன்னா மாட்டிக்குவோம். மேடைப் பேச்சு மாதிரி இல்லை அது.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது தோத்த கதைதான். 2022 ஆகஸ்ட் 7. நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள்ல இருந்து 750 மாணவிகள் சேர்ந்து ஆசாதிசாட்னு ஒரு சின்னச் செயற்கைக்கோளுக்குப் பாகங்கள் செஞ்சாங்க. நம்ம மதுரை திருமங்கலம் பிள்ளைகளும் அதுல உண்டு. இஸ்ரோவோட புது ராக்கெட் எஸ்.எஸ்.எல்.வி., அதுக்கு அது முதல் பயணம். ராக்கெட் அழகாக் கிளம்பிச்சு. ஆனா உணரி தொடர்பான கோளாறு. 356 கிலோமீட்டர்ல வட்டமாச் சுத்த வேண்டியது, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரைக்கும் இறங்குற பாதையில விட்டுடுச்சு. அவ்வளவு தாழ்வா வந்தா காத்து இழுத்துக்கும். போச்சு. அத்தனை பிள்ளைகளோட உழைப்பும் போச்சு.

அப்புறம் என்ன ஆச்சு? ராக்கெட்டைச் சரி பண்ணினாங்க, ஆசாதிசாட்–2 வந்தது. ஆறே மாசம். 2023 பிப்ரவரி 10 அன்னிக்கு 450 கிலோமீட்டர் உயரத்துல சரியாப் போய் நின்னது. தோத்தா வீட்டுக்குள்ள முடங்குற பிள்ளைகளைப் பார்க்கிறோம், மார்க் குறைஞ்சதுக்குத் தப்பான முடிவு எடுக்கிற செய்தியைப் படிக்கிறோம். கோடிக்கணக்குல செலவழிச்ச ராக்கெட்டே முதல் தடவை தோக்குது கண்ணுகளா. உங்க தெர்மாகோல் வேலை செய்யலைன்னா என்ன இப்போ?

அந்த எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் எங்கே வரப்போகுது தெரியுமா? நம்ம குலசேகரன்பட்டினத்துக்கு! 2024 பிப்ரவரி 28 அன்னிக்கு அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாச்சு. தசராவுக்கு வேஷம் கட்டிப் போற அதே குலசை. ஏன் அங்கே? ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெற்கே துருவப் பாதைக்கு ஏவினா வழியில இலங்கை வருது. அது மேல பறக்கக் கூடாதுன்னு ராக்கெட்டை வளைச்சுத் திருப்பணும். அந்த வளைவுக்கு எரிபொருள் வீணாப் போகும். பெரிய ராக்கெட் தாங்கிக்கும், சின்ன ராக்கெட்டுக்குச் சுமையே குறைஞ்சு போயிடும். குலசையில இருந்து தெற்கே பார்த்தா வெறும் கடல். நேர் பாதை, பைபாஸ்.

சில்லாநத்தத்துல மின்கார் ஆலை 2025 ஆகஸ்ட்ல திறந்தாச்சு. துறைமுகம் இருக்கு. ஏவுதளம் வருது. இதையெல்லாம் நாங்க கொண்டு வந்தோம், நீங்க கொண்டு வந்தீங்கன்னு சண்டை போடறதை நாளைக்கு வெச்சுக்குவோம். என் கேள்வி ஒண்ணுதான். அந்தக் கதவுக்கு உள்ளே யாரு போவாங்க? இடம் நம்மளது, கடல் நம்மளது. வாசல்ல காவலுக்கு நிக்கவும் கேன்டீன்ல டீ ஆத்தவும் மட்டும் நம்ம பிள்ளைங்கன்னு ஆகிடக் கூடாது. காவலும் டீயும் கேவலம்னு சொல்லலை. அது மட்டும்தான்னு ஆகிடக் கூடாது. கட்டுப்பாட்டு அறையில உட்கார்றதுக்கு இன்னிக்கு எட்டாம் வகுப்பு படிக்கிறவ இன்னிக்கே எதையாவது பிரிச்சுப் பார்க்கணும், உடைக்கணும், திரும்ப மாட்டணும்.

எதைச் செய்யறதுன்னு கேட்கிறீங்களா? தயவுசெய்து அந்த எரிமலையை விட்டுடுங்க. கடையில செட்டா விக்கிற எரிமலை, காத்தாலை, அப்பாவே ராத்திரி முழிச்சு ஒட்டிக் கொடுக்கிற செயற்கைக்கோள், எல்லாத்தையும் விட்டுடுங்க. நடுவருக்கு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். நம்ம கரையில நடந்து போங்க. அம்மா கருவாட்டை மணல்ல காயப் போடுறாங்க. மணல் ஒட்டுது, ஈ மொய்க்குது, திடீர் மழை வந்தா மொத்தமும் போச்சு. தரையிலிருந்து உயர்த்தின பந்தல், மேல கண்ணாடித்தாள், அடியில கறுப்புத் தகடு, சூடான காத்து மேல போக ஒரு குழாய். செஞ்சு, ஒரு மணிக்கு ஒரு தடவை மீனை எடை போட்டு நோட்டுல எழுதுங்க. அதே அளவு மீனை மணல்ல காயப் போட்டு அதையும் எழுதுங்க. ரெண்டு வரிசை எண்ணும் பக்கத்துல பக்கத்துல இருந்தா அதுதான் ஆய்வு. உப்பளத்துல கண்கூச்சம், வலையில மாட்டின நண்டைக் கால் உடையாம எடுக்கிறது, உடன்குடியில கருப்பட்டி காய்ச்சுற அம்மாவோட புகை... எல்லாம் இன்னும் யாரும் முழுசாத் தீர்க்காத கணக்கு.

எதிர்ல இருக்கிற வான் தீவைப் பாருங்க. சுண்ணாம்புக்காக நம்ம ஆட்களே பவளப்பாறையை வெட்டி எடுத்த காலம் உண்டு. பாறை போனதும் அலை நேரா வந்து தீவைத் தின்னுது. தீவு சுருங்கிக்கிட்டே போச்சு. அப்புறம் 2015-ல் இருந்து செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலுக்குள்ள இறக்கி அலையோட வேகத்தைக் குறைச்சாங்க. ஒரு தொட்டி, கொஞ்சம் மணல், ஒரு அட்டை இருந்தா இதை வீட்டு முற்றத்துலயே செஞ்சு பார்க்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பெத்தவங்களுக்குத் தனியா ஒண்ணு. மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்வாகி, "வெளியூர்ல ராத்திரி தங்கணும், அனுப்ப முடியாது"ன்னு சொல்லிப் பேரை எடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கு. பயம் நியாயம்தான். கூட அம்மா போகட்டும். அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும்னா அதை நாம பார்த்துக்குவோம்.

இப்போதான் நம்ம கட்சிக்காரங்க பக்கம் வர்றேன். தம்பிகளா, மச்சான் கதையை எதுக்குச் சொன்னேன்னு இப்போ புரியுதா? பிள்ளை ஜெயிச்ச மறுநாள் சால்வையோட போய் நின்னு போட்டோ எடுத்து முகநூல்ல போடுறது கயிறு பிடிக்கிறது இல்லை. அது கரையில நின்னு முத்தைப் பார்த்துக் கை தட்டுறது. உங்க வார்டுல இருக்கிற பள்ளிக்குப் போங்க. கரை வேட்டி வேண்டாம், கொடி வேண்டாம். "ஐயா, இந்த வருஷம் ஐந்து யோசனையும் அனுப்பிட்டீங்களா? ஏதாவது உதவி வேணுமா?"ன்னு மரியாதையாக் கேளுங்க. ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை, அதிகாரம் பண்ணாதீங்க. பேர் கொடுக்கிற பிள்ளைக்கு வங்கிக் கணக்கு இல்லைன்னா தொடங்கிக் கொடுங்க, ஆதார்ல பேர் தப்பா இருந்தாத் திருத்திக் கொடுங்க. எழுத்துப் பிழையில பணம் நின்னு போகுது. நெட் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு உங்க போனை ஒரு மணி நேரம் கொடுங்க. கடலுக்குள்ள போன அப்பாவால வர முடியலைன்னா மாதிரியைத் தூக்கிட்டு ஆசிரியர் கூட பஸ் ஏத்தி விடுங்க. பட்டறை வெச்சிருக்கிற நம்ம தோழர்கள், ஒரு பிள்ளை வந்து தகடு வெட்டித் தரக் கேட்டா காசு வாங்காதீங்க. அந்தப் பிள்ளையோட அப்பா எந்தக் கட்சின்னு கேட்டீங்கன்னு என் காதுக்கு வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்.

வெளியே வாசல்ல ஒரு மேசை போட்டிருக்கோம். பிள்ளைங்க பேர், வகுப்பு, மனசுல இருக்கிற ஒரு கேள்வி, இந்த மூணையும் எழுதிட்டுப் போங்க. கேள்வி எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தாளெல்லாம் எந்த டிராயருக்குள்ளயும் போகாது, என் பையிலதான் இருக்கும். வர்ற திங்கட்கிழமை காலையில உங்க பள்ளிக்கு நானே எடுத்துட்டு வர்றேன்.

வெயில் ஏறிடுச்சு, மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போங்க.